பலகையில் ‘வேண்டாம்’ இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கண்ணசைவால் கணினியை இயக்கும் கருவிகள் பற்றிப் போன இதழில் ஒரு சிறிய பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை முழுப் பகுதியும் அதற்குத்தான். புதிய வாசகர்களுக்காக: நான் கிளிநொச்சியில் இருந்து வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர். கை கால் இயங்காதவர்களின் வீடுகளுக்குப் போய், இருக்கும் வசதிக்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்பது என் வேலை. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அன்புள்ள அக்கா, என் மகளுக்கு 11 வயது. பிறந்ததில் இருந்தே மூளை முடக்குவாதம். கதைக்க மாட்டாள், கையும் அவள் சொல்வழி கேளாது. ஆனால் எல்லாம் விளங்கும். கனடாவில் இருக்கும் என் தம்பி, கண்ணால் பார்த்தால் கதைக்கும் மெசின் ஒன்றை வீடியோவில் பார்த்துவிட்டு, வாங்கி அனுப்பட்டோ என்று கேட்கிறான். என்ன சொல்ல?
– ஒரு தாய், உடையார்கட்டு

கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. காசை எடுத்து வைக்கட்டும், வாங்குவது பிறகு.

“எல்லாம் விளங்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்களுக்கு யார் சொன்னது? அவளுடைய கண்தான். தகப்பன் வரும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசலைப் பார்ப்பாள், பிடிக்காத சாப்பாடு வந்தால் முகத்தைத் திருப்புவாள். அந்தப் பார்வையை ஒழுங்காகக் கேட்பதற்கு வீட்டில் உள்ளவர்கள் முதலில் பழக வேண்டும். அது பழகாத வீட்டுக்கு எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் சில மாதத்தில் அலுமாரிக்குள் போய்விடும். நல்ல மனதோடு யாரோ கொடுத்துவிட்டுப் போன கருவிகள் பெட்டி பிரிக்காமல் கிடப்பதை வன்னியில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கே தொடங்கக்கூடியது இது. பிள்ளையை நேராக இருத்துங்கள். இடுப்பு கதிரையின் பின்பக்கம் வரை போயிருக்க வேண்டும், கால் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றியிருக்க வேண்டும், தலைக்குப் பின்னால் ஆதாரம் வேண்டும். உடம்பு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இருக்கும் பிள்ளையால் கண்ணைக் கட்டுப்படுத்த முடியாது. அப்புறம் இரண்டு சாமான்களை, சொல்லப்போனால் ஒரு மாம்பழத் துண்டையும் ஒரு பிஸ்கட்டையும், அவள் கண்மட்டத்தில் நன்றாக விலக்கிப் பிடியுங்கள். “எது வேணும்?” என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை மெதுவாக எண்ணலாம். நாங்கள் எல்லாரும் இரண்டு எண்ணுவதற்குள் “இதுவோ, இதுவோ” என்று தொடங்கிவிடுகிறோம், பிள்ளை திருப்பிய கண்ணை மறுபடி கொண்டுவர வேண்டியதாகிவிடுகிறது. அவள் எதைப் பார்க்கிறாளோ அதைக் கொடுங்கள். மற்றதுதான் சத்து என்று நினைத்தாலும் அவள் பார்த்ததையே கொடுங்கள்.

இது பிடிபட்டதும் பலகைக்குப் போகலாம். படச்சட்டம் அடிக்கும் கடையில் கண்ணாடி போலத் தெரியும் பேர்ஸ்பெக்ஸ் தகடு கேட்டு வாங்கி, நடுவில் ஒரு சதுரம் வெட்டி எடுங்கள். நான்கு மூலையிலும் நான்கு படம் ஒட்டுங்கள். நீங்கள் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். துவாரத்தின் ஊடாக அவள் கண்ணைப் பார்த்தால் எந்த மூலைக்குப் போகிறது என்று தெரியும். உலகம் முழுவதும் பேச்சுச் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகப் பாவிக்கிற முறை இது. கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம்.

நான்கு படமும் தண்ணீர், சாப்பாடு, மலசலகூடம், நித்திரை என்று இருக்கக்கூடாது. இதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். ‘வேண்டாம்’ கட்டாயம் இருக்க வேண்டும். ‘பொறுங்கோ’, ‘நீங்கள் பிழையாக விளங்கிவிட்டீர்கள்’, ‘நான் ஒன்று சொல்ல வேணும்’ ஆகியவையும் கெதியில் சேர வேண்டும். 11 வருடம் மற்றவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி வாழ்ந்த பிள்ளை அவள். தானாகக் கதையைத் தொடங்க அவளுக்கு ஒரு வழி வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ என்று அவளே முதலில் கேட்கட்டும்.

இப்போது தம்பியின் மெசினுக்கு வருவோம். திரைக்குக் கீழே ஒரு சிறிய பட்டை இருக்கும். அதிலிருந்து எங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வரும். அந்த ஒளி கருவிழியில் பட்டு ஒரு சின்னப் புள்ளியாகத் தெறிக்கும். பட்டையில் உள்ள கமரா அந்தப் புள்ளியையும் கண்பாவையின் நடுவையும் சேர்த்துப் பார்த்து, கண் திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று கணக்கிடும். முதலில் திரையில் தோன்றும் சில புள்ளிகளைப் பார்த்துக் கருவியைப் பழக்க வேண்டும். பிறகு ஒரு படத்தை ஒரு விநாடி அளவு உற்றுப் பார்த்தால் அது அழுத்துப்படும், குரல் வரும். தொடக்கத்தில் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் அழுத்துப்படுவதால் குழம்பிவிடுவார்கள். ஆகவே அந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள். திரையில் பார்த்தாலும் ஒன்றும் நடக்காத வெற்று இடமும் விட்டு வையுங்கள். முதல் மாதங்களில் பத்து நிமிடத்துக்கு மேல் இருத்த வேண்டாம். கண்ணும் களைக்கும், கழுத்தும் களைக்கும்.

விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. கணினி விளையாட்டுக்காக விற்கும் பட்டைகள் சில நூறு டொலர். கதைப்பதற்கென்றே திரை, ஒலிபெருக்கி, தாங்கி எல்லாம் சேர்த்துச் செய்தவை பல ஆயிரம் டொலர். தலை நிலையாக நிற்காத, மாறுகண் உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் சரிவரும். மலிவானதை வாங்கிப் பார்த்துவிட்டு “பிள்ளைக்கு ஏலாது” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தம்பி கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: திருப்பிக் கொடுக்கலாமா, எத்தனை நாளுக்குள்? சக்கர நாற்காலியில் பொருத்தும் தாங்கி உண்டா? எங்கள் சொந்தக் குரலைப் பதிந்து போடலாமா? பழுதானால் இலங்கையில் இருந்தபடி யாரிடம் கேட்பது?

குரலைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கருவியோடு வரும் பெரிய ஆளின் குரல் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அவள் வயதில் ஒரு மச்சாளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருந்தால் அந்தக் குரலில், உங்கள் வீட்டுப் பேச்சிலேயே பதியுங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற படப்பலகைச் செயலியில் தமிழ் உண்டு. ரப்லெட் ஒன்று கையில் இருந்தால் படங்களைப் பழக்க அது உதவும்.

அகச்சிவப்பு ஒளி கண்ணைக் கெடுக்காதா?
– ஒரு தகப்பன், வட்டக்கச்சி

பாதுகாப்பு அளவுக்குள் சோதித்துத்தான் இந்தக் கருவிகளை விற்கிறார்கள். அந்த ஒளியால் பார்வை போகாது. ஆனால் இரண்டு விடயத்தில் கவனம் வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை என்றால் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்தது, உற்றுப் பார்க்கும்போது எல்லாரும் கண் இமைப்பதைக் குறைத்துவிடுவோம். கண் காய்ந்து சிவக்கும். இடையில் ஓய்வு கொடுங்கள், தொடர்ந்து சிவந்தால் கண் கிளினிக்கில் காட்டுங்கள்.

மிஸ், என் கணவருக்கு 46 வயது. மோட்டோர் நியூரோன் நோய் என்று கொழும்பில் சொன்னார்கள். கை இரண்டும் பலமில்லை, குரல் மாதத்துக்கு மாதம் தேய்கிறது. இப்போது அவர் சொல்வது எனக்கும் மகனுக்கும் மட்டும்தான் விளங்கும். குரல் முழுதாகப் போனபிறகு கண் கருவி வாங்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
– ஒரு மனைவி, மாங்குளம்

இல்லை. குரல் இருக்கும்போதே தொடங்குங்கள். இந்தக் கடிதத்துக்குத்தான் நான் முதலில் பதில் எழுதினேன்.

இந்த நோய் கை, கால், தொண்டை, மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். கண்ணை அசைக்கும் தசைகளைப் பெரும்பாலும் கடைசி வரை விட்டுவைக்கும். அதனால் கண் கருவியால் அதிக பயன் பெறுகிறவர்கள் இவர்கள்தான். அமெரிக்காவில் ஸ்டீவ் கிளீசன் என்ற அமெரிக்கன் ஃபுட்போல் வீரருக்கு இந்த நோய் இருப்பது 2011இல் வெளியில் தெரிந்தது. 2014இல் அவர் மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர்களிடம், கண்ணாலேயே சக்கர நாற்காலியை ஓட்ட வழி செய்யுங்கள் என்று கேட்டார். அவர்கள் செய்து காட்டினார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 2017இல் விண்டோஸ் 10க்குள்ளேயே கண்ணால் இயக்கும் வசதி வந்தது. ஒரு நோயாளி தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதால் வந்தது அது. உங்கள் கணவரிடமும் கேளுங்கள். அவர் கண்ணால் என்ன செய்ய விரும்புகிறார்? வட்ஸ்அப்பில் எழுதவா, செய்தி வாசிக்கவா, வயல் கணக்குப் பார்க்கவா? அதில் இருந்து தொடங்கினால் பழகும் பொறுமை தானாக வரும்.

முதல் வேலை, இந்தக் கிழமையே, அவர் குரலைப் போனில் பதியுங்கள். கருவிக்காக எழுதி வாசிக்கும் வாக்கியங்களை மட்டும் பதிய வேண்டாம். மகனை அவர் கூப்பிடும் விதம், உங்களைக் கூப்பிடும் விதம், மாட்டை விரட்டும் சத்தம், பிறந்தநாள் வாழ்த்து, கோபத்தில் சொல்லும் ஒரு சொல், எல்லாவற்றையும் பதியுங்கள். பின்னாளில் பலகையில் ஒரு படத்தை அவர் பார்க்கும்போது அவருடைய குரலே வரச் செய்யலாம். குரல் தேய்ந்துவிட்டதே என்று வெட்கப்பட்டால், வீட்டுக்கு அது தேய்ந்த குரலாகக் கேட்காது என்று சொல்லுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் யாராவது பழைய ஐபோன் தருவதாகச் சொன்னால் ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். 2024 செப்ரெம்பரில் வந்த ஐஓஎஸ் 18 என்ற ஐபோன் இயங்குதளம் முதல், முன்பக்கக் கமராவாலேயே கண்ணைத் தொடரும் வசதி அதில் உண்டு. வேறு பட்டை வாங்கத் தேவையில்லை. போனை முகத்தில் இருந்து ஒன்றரை அடி தள்ளி அசையாமல் நிறுத்த வேண்டும். தனிக் கருவி அளவுக்குத் துல்லியம் வராது, எழுத்துகள் சின்னதாக இருந்தால் தடுமாறும். ஆனால் பழகுவதற்குப் போதும். அன்ட்ரொயிட் போன் என்றால் கூகிளின் ‘லுக் டு ஸ்பீக்’ என்ற இலவசச் செயலியை இறக்குங்கள். 2020 டிசெம்பரில் வந்தது. வாக்கியங்கள் இடம் வலமாக இரண்டு பட்டியலாக நிற்கும். வேண்டியது இருக்கும் பக்கத்தைப் பார்க்கப் பார்க்கப் பட்டியல் பாதி பாதியாகக் குறைந்து கடைசியில் ஒன்று மிஞ்சும், அதைப் போன் வாசிக்கும். வாக்கியங்களை நீங்களே மாற்றி எழுதலாம்.

கணினியில் தமிழ் எழுத விரும்பினால் தமிழ்99 விசைப்பலகையைத் திரையில் போடச் சொல்லுங்கள். உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் இருக்கும். மெய்யைப் பார்த்து உயிரைப் பார்த்தால் உயிர்மெய் தானாகச் சேரும். ஒரே மெய்யை இரண்டு தடவை பார்த்தால் புள்ளியும் தானாக விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நாலு பார்வை போதும். கண்ணால் எழுதுகிறவருக்கு ஒவ்வொரு அழுத்தும் உழைப்பு. பழகியவர்கள்கூடப் பேச்சு வேகத்தில் ஒரு சிறு பங்கைத்தான் எட்டுவார்கள். ஆகவே அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மீதியை நீங்கள் ஊகித்துச் சொல்லலாமா, முடியும் வரை காத்திருக்க வேண்டுமா என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ஊகித்தால் உதவி, சிலருக்கு அது வாயைப் பொத்துவது மாதிரி.

நான் 2009இல் கழுத்தில் காயப்பட்டு, தோளுக்குக் கீழே இயக்கம் இல்லாமல் இருக்கிறேன். தலையைத் திருப்புவேன், நன்றாகக் கதைப்பேன். தம்பியின் கடைக் கணக்கை நான் பார்க்க ஆசை. கண் கருவி எடுத்தால் முடியுமா?
– விசுவமடு வாசகர்

முடியும். ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை அண்ணா. தலையும் குரலும் இருக்கும்போது கண்ணை வேலைக்கு வைத்தால் கெதியில் களைத்துப்போவீர்கள். கண் பார்ப்பதற்கு இருக்கட்டும்.

தமிழ் எழுத, போனின் கூகிள் விசைப்பலகையில் ஒலிவாங்கியை அழுத்திக் கதையுங்கள். மொழித் தெரிவில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது. ‘எண்டு’, ‘வந்தவை’ என்று கதைத்தால் சில இடத்தில் தடுமாறும். கணக்குக்கு எண்களும் பொருட்பெயர்களும்தானே, அவை நன்றாக விழும். கணினியில் சுட்டியை நகர்த்த, பொஸ்டன் கல்லூரியில் உருவாக்கிய ‘கமரா மவுஸ்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண வெப்கமரா போதும். மூக்கு நுனியை அது பிடித்துக்கொள்ளும், தலையைச் சற்று அசைத்தால் சுட்டி போகும், ஓரிடத்தில் நிறுத்தினால் அழுத்தும். வாயில் கடித்துப் பிடிக்கும் குச்சியும் குறைந்ததல்ல. நுனியில் தொடுதிரைக்கு ஏற்ற இறப்பர் பூட்டிக்கொள்ளலாம்.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் கண் கருவியால் கதைத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பாவித்தது கன்னத் தசை. மூக்குக் கண்ணாடியில் பூட்டிய சிறிய உணரி, கன்னம் அசைவதைப் பார்த்து எழுத்தைத் தெரிவு செய்தது. அவருக்காக இன்டெல் நிறுவனம் செய்த மென்பொருளை 2015இல் எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். உடம்பில் எந்த இடம் களைக்காமல், நம்பிக்கையாக அசைகிறதோ அதுதான் உங்கள் விசை.

கணக்குப் பார்க்கும் உற்சாகத்தில் நேரம் போவது தெரியாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது கூப்பிட்டு, உடம்பைச் சாய்த்துப் பாரத்தை மாற்றச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வந்தால் கடையும் போகும், கணக்கும் போகும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். உடம்பில் ஒன்றும் அசையாது, பேச்சும் இல்லை. கண்ணை மேலும் கீழும் மட்டும் அசைக்கிறார். கூப்பிட்டால் பார்க்கிறார். அறிவு இருக்குமா? கண் கருவி பாவிக்கலாமா?
– ஒரு மகன், துணுக்காய்

தம்பி, அப்பாவை உடனடியாக நரம்பியல் வைத்தியரிடம் காட்டி, “கண் மேல் கீழ் அசையுது, கூப்பிட்டால் பார்க்கிறார்” என்ற இதே வசனத்தைச் சொல்லுங்கள். மூளைத்தண்டின் ஒரு பகுதியில் இரத்த ஓட்டம் நின்றால், அறிவும் காது கேட்பதும் முழுதாக இருக்க, உடம்பு மட்டும் பூட்டுப்பட்டுப் போகும் நிலை ஒன்று உண்டு. அதில் கண் இடம் வலமாகப் போகாது. மேல் கீழ் அசைவும் இமைப்பும் மிஞ்சும். நான் பார்க்காமல் அப்பாவுக்கு அதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் வைத்தியர் பார்த்துச் சொல்லும் வரை, எல்லாம் விளங்குகிறது என்றே வைத்து அவரோடு கதையுங்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காணிக் கதையும் செலவுக் கதையும் அவர் இல்லாத மாதிரிக் கதைக்க வேண்டாம். அவரையும் சேர்த்துக் கதையுங்கள்.

முதலில் ‘ஓம்’, ‘இல்லை’ இரண்டையும் நிலைப்படுத்துங்கள். மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை. இமைப்பை ‘ஓம்’ ஆக வைக்க வேண்டாம், அது தன்பாட்டிலும் நடக்கும். பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: “இது துணுக்காயோ?” “என்ர பெயர் இதுவோ?” பல நாள், பல நேரத்தில் கேளுங்கள். காலையில் தெளிவாகவும் பின்னேரம் மங்கலாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதே குறியைப் பாவிக்க வேண்டும். கட்டில் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

அது உறுதியானதும் எழுத்துக்குப் போகலாம். 247 எழுத்தையும் ஒட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை. 12 உயிர், 18 மெய், இவ்வளவும் போதும். ஏடு தொடக்கிய நாளில் இருந்து மனதில் இருக்கும் ஒழுங்கு, ஆகவே அதை மாற்ற வேண்டாம். மெய்யை மூன்று வரியாக எழுதுங்கள்:

க ங ச ஞ ட ண
த ந ப ம ய ர
ல வ ழ ள ற ன

உயிரையும் அப்படியே: அ ஆ இ ஈ – உ ஊ எ ஏ – ஐ ஒ ஓ ஔ.

நீங்கள் கேட்க வேண்டியது: “மெய்யோ?” அவர் மேலே பார்த்தால், “முதல் வரியோ? இரண்டாம் வரியோ?” மேலே பார்த்ததும் நிறுத்தி அந்த வரியை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். “த...” என்றதும் மேலே பார்த்தால் எழுதுங்கள். அடுத்து உயிர். இரண்டு மூன்று எழுத்து வந்ததும் சொல் ஊகிக்கப்படும். “தண்ணியோ?” என்று கேட்டு, ஓம் வந்தால் மாத்திரம் முடியுங்கள். ஊகம் பிழை என்றால் எழுத்துக்கே திரும்புங்கள். எழுதியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் நடுவில் மறந்துபோகும். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் போகலாம். பரவாயில்லை, அவர் சொல்ல நினைத்த சொல் அது.

திரைப் பட்டைக் கருவிகள் கண் நாலு பக்கமும் போகும் என்று எதிர்பார்ப்பவை. அப்பாவுக்கு இடம் வலம் வராவிட்டால், திரையின் தெரிவுகளை மேலிருந்து கீழாக ஒரே நிரலில் அடுக்க வேண்டிவரும். அதைப் பிறகு பார்க்கலாம். இன்னொன்று: பக்கவாதம் மூளையின் பேச்சுப் பகுதியைத் தாக்கியிருந்தால் எழுத்தே குழம்பிப்போகும். அப்படியானவர்களுக்குப் படமும் உண்மையான சாமானும்தான் கைகொடுக்கும். எது என்று பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார்.

வெளியில் மாமரத்துக்குக் கீழே வைத்தால் மகனின் கருவி கண்ணைப் பிடிக்குதே இல்லை. உள்ளே நன்றாக வேலை செய்கிறது. பழுதோ?
– நெடுங்கேணி

பழுதில்லை. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு, கருவியின் ஒளியை அது மூடிவிடும். உள்ளேயும் யன்னல் அவன் முகத்துக்கு எதிரிலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரை 60 சென்ரிமீற்றர் அளவு தூரத்தில், முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். அவன் சாய்ந்து இருந்தால் திரையும் அதே அளவு சாய வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூட்டில் கருவியும் சுடும், பிள்ளையும் களைப்பான், அந்த நேரத்தை விடுங்கள். மரத்துக்குக் கீழே இருக்கும்போது பேர்ஸ்பெக்ஸ் பலகையைப் பாவியுங்கள். கரண்ட் போன நாளுக்கும் அதுதான். பலகையை விட்டுவிட வேண்டாம்.

இப்படியான கருவிக்கு அரசாங்கத்தில் கேட்கலாமா?
– முள்ளியவளை, பூநகரி, இன்னும் சில ஊர்களில் இருந்து

கேட்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுங்கள். சிகிச்சையாளரின் கடிதத்தையும் இணையுங்கள். கடிதத்தில் “கண் கருவி தேவை” என்று மட்டும் இருந்தால் போதாது. எது இல்லாததால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை, வைத்தியரிடம் எங்கே நோகிறது என்று சொல்ல முடியவில்லை என்று இருக்க வேண்டும். பிரதியைக் கையில் வைத்திருங்கள்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தவர்களின் உரிமைக்கானது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முன்னுரிமை உதவிச் சாதனங்கள் 50இன் பட்டியலில் தொடர்பாடல் பலகையும் தொடர்பாடல் மென்பொருளும் இருக்கின்றன. மூக்குக் கண்ணாடியும் சக்கர நாற்காலியும் இருக்கும் அதே பட்டியல். ஆகவே தயங்கிக்கொண்டு கதவருகில் நிற்கத் தேவையில்லை, கதிரையில் இருந்து கேளுங்கள்.

அக்கா, தம்பிக்கு 19 வயது. கண்ணால் எழுத நன்றாகப் பழகிவிட்டான். இப்போது கருவியில் தன்னுடைய சொற்கள் உள்ள பக்கத்தில் ஏச்சு வார்த்தைகளும் வேண்டும் என்கிறான். அம்மா ஒரேயடியாக மாட்டன் என்கிறா. “பேச்சு வந்ததே இதுக்கோ” என்று அழுகிறா. நான் என்ன செய்ய?
– ஒரு சகோதரி, மல்லாவி

போட்டுக் கொடுங்கள்.

அவன் வயதுப் பெடியள் மைதானத்தில் என்ன கதைக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவர்களின் வாயை யாரும் முன்கூட்டியே பூட்டுவதில்லை. பிழையான இடத்தில் சொன்னால் ஏச்சு விழும், வெட்கப்படுவார்கள், பழகுவார்கள். தம்பிக்கும் அந்த ஏச்சு விழட்டும். பலகையில் சொல்லைப் போடுகிறவர்கள் நாங்கள் என்பதால், அவன் எதைச் சொல்லலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் எங்கள் கையில் வந்துவிடுகிறது. அந்த அதிகாரத்தை நாங்கள் மிகக் கவனமாகப் பாவிக்க வேண்டும். கோபம் வரும்போது சொல்ல ஒரு சொல்லும் இல்லாத பிள்ளை கத்துவான், கடிப்பான், சாப்பாட்டைத் துப்புவான். அதைப் பார்த்து “குணம் சரியில்லை” என்று எழுதிவைப்பார்கள். அப்படி எழுதப்பட்ட பிள்ளைகளை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

இன்னொரு விடயமும் இருக்கிறது, அதை அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். உடம்பு இயங்காத பிள்ளைகளைத் தொடக்கூடாத மாதிரித் தொடுகிறவர்கள் உண்டு. அதைச் சொல்ல அவனுக்கு உடல் உறுப்புகளின் பெயர் வேண்டும், ‘தொடாதே’ வேண்டும், ‘எனக்குப் பயமாக இருக்கு’ வேண்டும். நல்ல சொல் மட்டும் உள்ள பலகையால் அதைச் சொல்ல முடியாது.

அந்தச் சொற்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். கோயிலுக்கும் ரியூசனுக்கும் போகும்போது அந்தப் பக்கத்தை மூடுவதா இல்லையா என்று அவனே தெரிவு செய்யட்டும். அவன் எழுதி வைத்திருப்பதை அவனைக் கேட்காமல் யாரும் திறந்து வாசிக்கவும் கூடாது, அம்மா உட்பட. அம்மா அழுவது ஏச்சு வார்த்தைக்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். 19 வருடம் அவன் நினைப்பது எல்லாம் தனக்குத் தெரியும் என்று இருந்தவ அவ. அவவுக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

எனக்கு எழுதுகிறவர்கள் இனி இவற்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது இலகு: வயது, வைத்தியர் சொன்ன நோய்ப் பெயர், கதிரையில் எவ்வளவு நேரம் இருக்க முடியும், தலை நிற்குமா, இரண்டு கண்ணும் ஒன்றாக அசைகிறதா, வலிப்பு உண்டா, வீட்டில் யார் யார் பகலில் இருக்கிறார்கள். அடுத்த இதழில், சக்கர நாற்காலிக்கு உள்ளூர் இரும்பு ஒட்டுக்காரரைக் கொண்டு தாங்கி செய்விப்பது எப்படி என்று அளவுகளோடு எழுதுகிறேன்.